சின்ன ஸ்டேஷனில் ஆள் இல்லாமல் போனது எப்படி? பார்சல் நின்றது ஏன்?

பெயர்ப் பலகைக்குப் புது மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறது. நடைமேடையில் எல்இடி விளக்கு எரிகிறது. ஆனால் டிக்கெட் ஜன்னல் சாத்திக் கிடக்கிறது, பார்சல் அறைப் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க ஒரு முகம் கிடையாது. தமிழ்நாட்டின் பல சிறு ரயில் நிலையங்களில் இன்று இதுதான் நிலை.

"மொபைல் ஆப் வந்துவிட்டது, ஆளை எடுத்துவிட்டார்கள்" என்பதுதான் ஊரில் சொல்லப்படும் காரணம். ஆனால் செயலி வருவதற்கு வெகு காலம் முன்பே ஆட்கள் குறையத் தொடங்கிவிட்டார்கள். அதைப் புரிந்துகொள்ள, ஒரு சின்ன ஸ்டேஷனில் ஆள் எதற்காக வைக்கப்பட்டார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவர் டிக்கெட் கொடுப்பதற்காக அங்கே உட்காரவில்லை. வண்டியை அனுப்புவதற்காக உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் டிக்கெட்டும் கொடுத்தார், கூடையும் புக் செய்தார்.

## சில சொற்கள்

ரயில்வே தன் நிலையங்களை இரண்டு விதமாக வகை பிரிக்கிறது. செய்திகளில் இரண்டும் கலந்து வருவதால்தான் பாதிக் குழப்பம்.

வண்டி இயக்கத்தின் கண்ணில் பார்த்தால்:

1. பிளாக் ஸ்டேஷன்: அடுத்த நிலையத்திடம் "லைன் கிளியர்", அதாவது பாதை காலி என்ற அனுமதி, வாங்கி வண்டியை அனுப்பும் இடம். சிக்னல், ஸ்டேஷன் மாஸ்டர், தண்டவாளம் பிரியும் இடத்தில் (பாயின்ட்) வேலை பார்க்கும் பாயின்ட்ஸ்மேன் எல்லாம் இங்கே உண்டு. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க லூப் லைன், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை, இருந்தால் அது கிராசிங் ஸ்டேஷன்.
2. ஃபிளாக் ஸ்டேஷன்: வண்டியை அனுப்பும் வேலை கிடையாது. ரயில்வே ஊழியர் டிக்கெட் மட்டும் கொடுப்பார்.
3. ஹால்ட்: வண்டி நிற்கும், அவ்வளவுதான். டிக்கெட் விற்பவர் கமிஷனுக்கு வேலை செய்யும் ஹால்ட் ஏஜென்ட். ஏஜென்ட் கிடைக்காவிட்டால் டிக்கெட்டும் கிடையாது.

வணிகத் துறையின் கண்ணில் பார்த்தால் வகைகள் வேறு. பழைய ஏ1, ஏ முதல் எஃப் வரையிலான பிரிவுகள் 2017-ல் மாற்றப்பட்டு, புறநகர் அல்லாத நிலையங்கள் என்எஸ்ஜி-1 முதல் என்எஸ்ஜி-6 வரையும், புறநகர் நிலையங்கள் எஸ்ஜி-1 முதல் 3 வரையும், ஹால்ட்டுகள் எச்ஜி-1 முதல் 3 வரையும் ஆயின. அளவுகோல் ஆண்டு வருமானமும் பயணிகள் எண்ணிக்கையும். என்எஸ்ஜி-6 என்றால் ஆண்டு வருமானம் 1 கோடி ரூபாய் வரை, பயணிகள் 10 லட்சம் வரை. குடிநீர்க் குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை, கூரை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இந்த வகையைப் பார்த்தே முடிவாகிறது.

ஒரு நிலையம் என்எஸ்ஜி-6 ஆக இருந்துகொண்டே பிளாக் ஸ்டேஷனாகவும் இருக்கலாம். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் 24 மணி நேரமும் இருப்பார். டிக்கெட் ஜன்னல் மட்டும் சாத்தியிருக்கும். "உள்ளே ஆள் இருக்கிறார், டிக்கெட் தர மாட்டேன் என்கிறார்" என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான். அவர் இயக்கத் துறை ஆள். டிக்கெட் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

## ஸ்டேஷன் மாஸ்டர் எப்படிப் போனார்?

இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும். பிளாக் முறை என்பதன் சாரமே இதுதான். பழைய ஒற்றைப் பாதைகளில் இதற்கு டோக்கன் பந்து இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் இருக்கும் கருவி, அடுத்த நிலையக்காரர் சம்மதித்தால் மட்டுமே ஓர் இரும்புப் பந்தை வெளியே விடும். அதைப் பிரம்பு வளையத்தில் இணைத்த பையில் போட்டு ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். பந்து கையில் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. இதற்கு ஒவ்வொரு கிராசிங் நிலையத்திலும் இரவு பகலாக ஆள் வேண்டும்.

எத்தனை ஆள்? போக்குவரத்து குறைந்த நிலையத்தில் 12 மணி நேர ஷிப்ட் என்றால் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள், 8 மணி நேர ஷிப்ட் என்றால் மூன்று பேர். வார ஓய்வுக்கு மாற்று ஆள் தனி. அதே அளவில் பாயின்ட்ஸ்மேன்கள். இரண்டு பக்கமும் சிக்னல் கேபின் இருந்தால் அங்கே லீவர் இழுக்கும் லீவர்மேன்கள். பத்துப் பதினைந்து குடும்பம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம் அது.

இந்த ஆட்களின் தேவையை ஒவ்வொன்றாகக் கழற்றியவை இவை:

1. பேனல் இன்டர்லாக்கிங்கும் பிறகு வந்த மின்னணு இன்டர்லாக்கிங்கும். பாயின்ட் மாற்றுவதும் சிக்னல் இறக்குவதும் ஒரே அறையிலிருந்து பொத்தானில் நடக்கிறது. கேபின்கள் காலியாயின.
2. ஆக்சில் கவுன்ட்டர். தண்டவாளத்தில் பொருத்திய கருவி, உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணுகிறது. கடைசிப் பெட்டியில் விளக்கு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்து, "வண்டி முழுசாக வந்தது" என்று உறுதி செய்த மனிதக் கண்ணின் வேலையில் பெரும்பகுதி இதற்குப் போனது.
3. இரட்டைப் பாதை. போக ஒன்று, வர ஒன்று என்று ஆனபின் எதிர்வண்டிக்காக லூப்பில் ஒதுங்க வேண்டியதில்லை. கிராசிங் நிலையத்தின் முதல் வேலையே போய்விட்டது.
4. இடைநிலை பிளாக் சிக்னலும் தானியங்கி சிக்னலும். இரு பெரிய நிலையங்களுக்கு நடுவே உள்ள நீண்ட தூரத்தைத் துண்டுபோட முன்பு ஒரு ஸ்டேஷன் வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையை ஒரு சிக்னல் கம்பமே செய்துவிடும். பின்னால் உள்ள நிலையத்திலிருந்து அதை இயக்கலாம்.

இதில் மூன்றாவதுதான் தமிழ்நாட்டில் அதிகம் உறைத்தது. சென்னையிலிருந்து தெற்கே போகும் பிரதான தடம் கட்டம் கட்டமாக இரட்டிக்கப்பட்டபோது, எக்ஸ்பிரஸ்கள் வேகம் பிடித்ததை எல்லோரும் பார்த்தோம். நடுவில் இருந்த கிராசிங் நிலையங்கள் ஹால்ட்டாகத் தரம் இறங்க வழி பிறந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. இரட்டைப் பாதை கேட்டு ஊர் கூடிப் போராடி, பாதை வந்ததும் அதே ஊர் தன் ஸ்டேஷன் மாஸ்டரை இழக்க நேரும் வேடிக்கை இதில் உண்டு.

ஆட்குறைப்புக்கு நிர்வாக முகமும் இருக்கிறது. புதிய பணியிடம் உருவாக்க வேண்டுமானால் அதற்கு ஈடாகப் பழைய இடத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது ரயில்வேயின் நடைமுறை. புதுத் தடத்துக்கோ புதுப் பராமரிப்புக் கூடத்துக்கோ ஆள் வேண்டுமென்றால், எங்கோ ஒரு சிறு நிலையத்தின் போர்ட்டர் பதவியோ கிளார்க் பதவியோ காகிதத்தில் கரையும். இருக்கும் பதவிகளும் நிரம்பிவிடவில்லை. நாடு முழுவதும் ரயில்வேயில் சுமார் 2.5 லட்சம் பணியிடங்கள் காலி என்று 2023-ல் நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது.

ஆளில்லாமல் ரயில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திருவாரூர்–காரைக்குடி தடம் நல்ல சாட்சி. அகலப்பாதையாக மாற்றி 2019-ல் ரயில் விட்டபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. வண்டியிலேயே கேட் ஊழியர்களை ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்ததும் பின்பெட்டியில் இருப்பவர் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கி.மீ. தூரம் ஏறக்குறைய அரை நாள் பயணமானது. பாதுகாப்பு வேலையில் ஆள் குறைந்தால் வண்டியே நின்று காட்டிக் கொடுத்துவிடும். டிக்கெட், பார்சல் வேலையில் ஆள் குறைந்தால் எதுவும் நிற்காது. அதனால்தான் அங்கே முதலில் கை வைக்கிறார்கள்.

## டிக்கெட் ஜன்னல்

ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தவரை டிக்கெட் விற்கத் தனிச் செலவு கிடையாது. அவர் போனபின் டிக்கெட்டுக்கென்றே ஒருவர் வேண்டும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

சாதாரணப் பயணிகள் வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். ஒரு நிலையத்தில் நாளுக்கு 60 பேர் பத்து ரூபாய் டிக்கெட் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 18,000 ரூபாய். ஏழாவது ஊதியக் குழுப்படி புதிதாகச் சேரும் டிக்கெட் கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் மட்டும் 21,700. ஸ்டேஷன் மாஸ்டருக்கு 35,400. அகவிலைப்படி தனி. ஒரே ஒரு கிளார்க்கின் சம்பளத்தைக்கூட அந்த ஜன்னல் ஈட்டவில்லை என்று கோப்பில் எழுத இது போதும்.

அதனால் வந்தவைதான் கமிஷன் ஏற்பாடுகள்:

1. ஹால்ட் ஏஜென்ட். உள்ளூர்க்காரர். பக்கத்துப் பெரிய நிலையத்தில் பணம் கட்டி டிக்கெட் கட்டுகளை வாங்கிவந்து விற்பார்.
2. ஸ்டேஷன் டிக்கெட் புக்கிங் ஏஜென்ட். நிலையத்துக்குள்ளேயே ரயில்வேயின் கணினியில் முன்பதிவில்லா டிக்கெட் கொடுப்பவர்.
3. ஜன் சாதாரண் டிக்கெட் சேவக். நிலையத்துக்கு வெளியே, தன் சொந்தக் கடையில் விற்பவர். பயணியிடம் ஒரு சிறு சேவைக் கட்டணம் வாங்கிக்கொள்வார்.

மேலே சொன்ன அதே 18,000 ரூபாய்க்கு, ஓர் உதாரணத்துக்கு 15 சதவீதம் கமிஷன் என்று போட்டால் ஏஜென்ட் கையில் மாதம் 2,700 ரூபாய். நாளுக்கு 90. அதற்காகக் காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் வந்து உட்கார வேண்டும். விற்காத டிக்கெட்டில் அவர் முதலும் முடங்கும். ஏஜென்ட் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியும் ஒருவரும் வராமல் போவது ஏன் என்று இந்தக் கணக்கே சொல்லும். கொரோனா காலத்தில் வண்டிகள் நின்றபோது விட்டுப்போன ஏஜென்ட்டுகளில் பலர் திரும்பவே இல்லை.

பிறகுதான் செயலி. முன்பதிவில்லா டிக்கெட்டுக்கான யுடிஎஸ் செயலி 2014 டிசம்பரில் மும்பையில் தொடங்கி மற்ற இடங்களுக்குப் பரவியது. 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியிலும் அதே வசதி இருக்கிறது. நன்றாக வேலை செய்யும்போது ஜன்னலைவிட மேல். சின்ன நிலையத்தில் இது சறுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, ஜிபிஎஸ். வண்டியில் ஏறிய பிறகு பரிசோதகரைக் கண்டதும் டிக்கெட் எடுக்கும் தந்திரத்தைத் தடுக்க, நிலைய எல்லைக்குள்ளும் தண்டவாளத்தை ஒட்டியும் நின்றால் காகிதமில்லா டிக்கெட் எடுக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள். பெரிய நிலையத்தில் வெளியே நின்று எடுத்துவிட்டு உள்ளே போகலாம். ஹால்ட்டில் உள்ளே, வெளியே என்று ஏது? பேருந்து இறங்கும் ரோடே தண்டவாளத்தை ஒட்டித்தான் இருக்கும். செயலி மறுக்கும். இரண்டாவது, அதற்கு மாற்றாக நிலையத்தில் ஒட்டிய கியூஆர் குறியை ஸ்கேன் செய்ய வேண்டும். வெயிலில் வெளிறிய ஸ்டிக்கரை மாற்ற அங்கே ஆள் கிடையாது. மூன்றாவது, டிக்கெட்டைச் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் போனால் டிக்கெட்டும் போச்சு.

## லக்கேஜ், பார்சல்: கதவு சாத்தப்பட்ட விதம்

இரண்டும் ஒன்றல்ல. லக்கேஜ் என்பது பயணியோடு, அவர் டிக்கெட்டின் பேரில் போவது. பார்சல் என்பது ஆள் போகாமல் சரக்கு மட்டும் போவது. மோட்டார் சைக்கிளை இரண்டு விதமாகவும் அனுப்பலாம். கட்டண விகிதம் வேறு, முன்னுரிமையும் வேறு.

இரண்டும் ஏறுவது எஸ்எல்ஆர் பெட்டியில். வண்டியின் முன்னும் பின்னும் ஒவ்வொன்று. பாதியில் பயணிகள் இருக்கை, மீதியில் கார்டு அறையும் சரக்கு அறைகளும். (கார்டு என்ற பதவிப் பெயர் 2022-ல் டிரெயின் மேனேஜர் என்று மாறியது. வேலை அதேதான்.) ஐசிஎஃப் எனப்படும் பழைய வகைப் பெட்டிகளில் ஒவ்வொரு எஸ்எல்ஆரிலும் 4 டன் அறைகள் இரண்டு. ஆக, ஒரு வண்டிக்கு 16 டன்.

இனி, ஒரு சிறு நிலையத்தில் இரண்டு நிமிட நிறுத்தத்தில் நான்கு மூட்டை ஏற்ற முடியுமா என்று பார்ப்போம்.

வண்டி நிற்கிறது. போர்ட்டர் கடைசிப் பெட்டிக்கு ஓடிச் சேர 20 விநாடி. சரக்கு அறையின் கொண்டியை விடுவித்துக் கதவைத் தள்ள 20 விநாடி. இந்த ஊரில் இறங்க வேண்டிய ஒன்றிரண்டை எடுக்க 30 விநாடி. அவை கதவருகே இருந்தால்தான் அதுவும். புறப்பட்ட இடத்தில் அவற்றை உள்ளே தள்ளி அடுக்கிவிட்டார்களென்றால் எடுக்கவே முடியாது. அடுத்த பெரிய நிலையம் வரை போய், அங்கிருந்து எதிர்வண்டியில் திரும்பி வரும். தொழிலில் இதற்கு ஓவர்கேரி என்று பெயர். பிறகு மூட்டைக்கு 15 விநாடி வீதம் ஏற்ற ஒரு நிமிடம். டிரெயின் மேனேஜரிடம் தாள்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க 20 விநாடி. கதவைச் சாத்தும் முன்பே இரண்டரை நிமிடம் ஆகிவிட்டது. இது நடைமேடை சரியாக இருக்கும் இடத்தில்.

24 பெட்டி வண்டி எஞ்சினோடு சேர்த்து 550 மீட்டருக்கு மேல் நீளும். சிறு நிலையத்தின் நடைமேடை அதில் பாதி நீளம்கூட இருக்காது. எஸ்எல்ஆர் இருப்பது வண்டியின் இரு நுனிகளிலும். ஆகவே சரக்குக் கதவு நிற்கும் இடத்தில் நடைமேடை இல்லை, ஜல்லிதான். உயர்ந்த நடைமேடை தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. உயரம்; பெட்டியின் தளமோ 120 செ.மீ.க்கும் மேல். ஜல்லியில் நின்று 60 கிலோ மூட்டையை மார்பு உயரத்துக்குத் தூக்கி உள்ளே தள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு நான்கு பேர் வேண்டும். அங்கே இருப்பவர் ஒருவர்.

ஏற்றி இறக்கக் குறைந்தது 5 நிமிட நிறுத்தம் வேண்டும் என்ற அளவுகோலை ரயில்வே பார்சலுக்குப் பின்பற்றுவது இதனால்தான். அந்த அளவுகோலை வைத்ததுமே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நிற்கும் எல்லா ஊர்களும் எக்ஸ்பிரஸ் பார்சலிலிருந்து வெளியேறிவிடுகின்றன. நிறுத்தத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதும் எளிதல்ல. 110 கி.மீ. வேகத்தில் வரும் நீண்ட வண்டி வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் பிடிப்பதற்குள், இரண்டு நிமிட நிறுத்தமே பயணத்தில் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தைத் தின்றுவிடும்.

இன்னும் நான்கு காரணங்கள் உண்டு. வெளியே அதிகம் பேசப்படாதவை.

1. குத்தகை. சரக்கு அறைகளை ரயில்வே தனியாருக்கு ஆண்டுக்கணக்கில் குத்தகைக்கு விடுகிறது. நான்கு அறைகளில் மூன்று குத்தகைக்குப் போனால் வழியில் உள்ள ஊர்கள் அத்தனைக்கும் மிஞ்சுவது 4 டன். அது புறப்படும் இடத்திலேயே நிரம்பிவிடும். ரயில்வேக்கு இது உறுதியான வருமானம், ஆள் செலவும் கிடையாது. நடுவழி ஊருக்குக் கிடைப்பது "இடமில்லை" என்ற பதில்.
2. பெட்டி மாற்றம். எல்லா ஊரிலும் நின்று போன பழைய பாசஞ்சர் வண்டிகளில் எஸ்எல்ஆர் இருந்தது. பால் கேனும் மீன் கூடையும் பூக்கூடையும் போனது அதில்தான். அந்த வண்டிகள் மெமுவாகவும் (மின்சாரத் தொடர்வண்டி) டெமுவாகவும் (டீசல் தொடர்வண்டி) மாறியபோது, அந்த மாதிரி பார்சல் அறை கூடவே போனது. வந்தே பாரத்தில் சரக்குப் பெட்டியே கிடையாது. எல்எச்பி எனப்படும் புதிய வகைப் பெட்டிகள் கொண்ட வண்டியின் கடைசிப் பெட்டி ஜெனரேட்டர் பெட்டியாக இருந்தால் அதிலும் சரக்குக்கு இடம் குறைவு.
3. கணினி. பார்சல் மேலாண்மை முறை பெரிய அலுவலகங்களில்தான் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் வே பில் என்ற சரக்குச் சீட்டைக் கையால் எழுத வேண்டும். தூரம், எடை, கட்டண விகிதம் மூன்றையும் பட்டியல் பார்த்துப் போட வேண்டும்.
4. டெபிட். கையால் எழுதும்போது கட்டணம் குறைவாகப் போட்டுவிட்டால் கணக்கு அலுவலகம் பிழைத்தாள் அனுப்பும். அந்தத் தொகை எழுதியவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படலாம். மாதத்துக்கு இரண்டு பார்சல் வரும் இடத்தில் யார் இந்த ஆபத்தை எடுப்பார்? "இங்கே எடுப்பதில்லை, ஜங்ஷனுக்குப் போங்கள்" என்பது பல நேரம் விதியல்ல. தன் சம்பளத்தைக் காத்துக்கொள்ளும் ஊழியரின் தற்காப்பு. அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

## எண்ணிக்கை எப்படிக் குறைகிறது

ஜன்னல் சாத்தியதும் பயணிகள் குறைவதில்லை. முதலில் குறைவது விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை. ஒழுங்கானவர்கள் பக்கத்து ஊருக்குப் போகும்போது திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள், அல்லது சீசன் டிக்கெட்டைப் பெரிய நிலையத்தில் எடுப்பார்கள். அந்த விற்பனை பெரிய நிலையத்தின் கணக்கில் ஏறும். மற்றவர்கள் டிக்கெட் இல்லாமல் ஏறுவார்கள். ஆண்டு முடிவில் கோப்பில் நிற்கும் எண், நடைமேடையில் நின்ற தலைகளின் எண் அல்ல. ஆனால் நிலையத்தின் வகையும், நிறுத்தமும், சில சமயம் நிலையமே தொடர்வதும் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. கேரளத்தில் சிறக்கல், வெள்ளறக்காடு ஆகிய இரு நிலையங்கள் 2025-ல் மூடப்பட்டபோது சொல்லப்பட்ட காரணமும் போதிய வருமானம் இல்லை என்பதே.

பார்சலிலும் இதே கதைதான். முதலில் போர்ட்டர் பதவி போகும். ஏற்ற ஆள் இல்லாததால் கிளார்க் மறுப்பார். மறுப்பதால் புக்கிங் குறையும். மூன்றாண்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்து "தேவை இல்லை" என்று எழுதி, பார்சல் பதிவுக்குத் திறந்திருந்த நிலையத்தை அதற்கு மூடிவிடுவார்கள். அந்த மூன்றாண்டில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

## சட்டத்தில் என்ன இழக்கிறோம்

வசதிக் குறைவு கண்ணுக்குத் தெரியும். ரசீது இல்லாமல் போவது தெரியாது.

1989 ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவு லக்கேஜ் பற்றியது. ரயில்வே ஊழியர் புக் செய்து ரசீது கொடுத்திருந்தால்தான் அதன் இழப்புக்கு ரயில்வே பொறுப்பாகும். நீங்களே பெட்டிக்குள் தூக்கிப்போய் இருக்கைக்கு அடியில் வைத்த பை தொலைந்தால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுக்கு. புக்கிங் இல்லாத ஊரிலிருந்து ஏறுகிறவர் எல்லோரும் தம் விருப்பத்தைக் கேட்காமலே இந்த இரண்டாம் வகைக்குள் தள்ளப்படுகிறார்.

ரசீது இருந்தாலும் இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு. மதிப்பை அறிவித்துக் கூடுதல் சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால் லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய், பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய். பத்துக் கிலோ எடையுள்ள விலை உயர்ந்த கருவிக்கும் பார்சலில் 500 ரூபாய்தான்.

டிக்கெட்டுக்கு 55, 138 ஆகிய பிரிவுகளைப் பார்க்க வேண்டும். சரியான டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதையும் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆனால் அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரிடம் அனுமதி கேட்டு, 55(2) பிரிவின்படி சான்று வாங்கிப் பயணித்தால் அந்தக் கூடுதல் தொகை கிடையாது என்று 138-ஆவது பிரிவே சொல்கிறது. ஜன்னல் மூடியிருந்த ஊரில் ஏறியவருக்கு உள்ள ஒரே கவசம் இதுதான்.

## நடைமுறையில் செய்யக்கூடியவை

1. டிக்கெட்டை வீட்டில் இருந்தபடியே எடுங்கள். நிலையத்திலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால்தான் எடுக்க முடியும் என்று செயலியில் இருந்த வரம்பு 2024-ல் நீக்கப்பட்டது. தண்டவாளத்தை நெருங்கிய பின் எடுக்க முயல்வதுதான் சிக்கல். முன்பதிவில்லா டிக்கெட்டில் 199 கி.மீ. வரை, எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அந்தத் திசையில் போகும் முதல் வண்டியில் பயணம் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

2. எடுக்கவே முடியவில்லையென்றால் சாத்திய ஜன்னலை நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஏறும் முன்பே டிரெயின் மேனேஜரிடமோ பரிசோதகரிடமோ சொல்லிச் சான்று கேளுங்கள். பிடிபட்ட பிறகு காட்டும் படத்துக்கு மதிப்பு குறைவு.

3. இலவச எடை வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டாம் வகுப்பு 35 கிலோ, ஸ்லீப்பர் 40, மூன்றடுக்கு ஏசி 40, இரண்டடுக்கு ஏசி 50, முதல் வகுப்பு ஏசி 70. கூடுதல் எடையை முன்கூட்டிப் புக் செய்தால் லக்கேஜ் விகிதத்தில் ஒன்றரை மடங்கு, செய்யாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு. புக்கிங் இல்லாத ஊரில் ஏறுகிறவர் சுமையை ஒரே ஆள் பேரில் வைக்காமல், சேர்ந்து பயணிக்கும் டிக்கெட்டுகளுக்குள் பிரித்துக்கொள்வது நல்லது.

4. வண்டியில் பைக் அனுப்ப, வண்டி குறைந்தது 5 நிமிடம் நிற்கும், பார்சல் அலுவலகம் உள்ள நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஆர்சி நகலும் அடையாள அட்டையும் வேண்டும். பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். தொட்டியில் மிச்சம் இருந்தால் ஏற்ற மாட்டார்கள். விளக்கு, கண்ணாடி, பெட்ரோல் தொட்டி மூன்றையும் வைக்கோலோ சாக்கோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள், உடைவது அவைதான். சேரும் இடமாக உங்கள் சின்ன ஊரை எழுதாமல், பார்சல் இறக்கும் கடைசிப் பெரிய நிலையத்தை எழுதுங்கள். அங்கே இலவச நேரம் தாண்டினால் மணிக்கணக்கில் வார்ஃபேஜ், அதாவது சரக்கை எடுக்கத் தாமதித்ததற்கான கட்டணம், ஏறும்.

5. ஜன்னலைத் திறக்கச் சொல்லி மனு கொடுக்கும் ஊர்கள் "எங்கள் ஊரில் பயணிகள் அதிகம்" என்று எழுதுவதால் பயனில்லை. எதிரில் இருக்கும் கோப்பில் வேறு எண் இருக்கிறது. ஒரு வாரம், ஒவ்வொரு வண்டிக்கும் ஏறியவர், இறங்கியவர் தலையை எண்ணித் தேதிவாரியாக எழுதுங்கள். அதோடு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் கோட்டத்தின் வணிகப் பிரிவிடம் நான்கு எண்களைக் கேளுங்கள்: அந்த நிலையத்தில் டிக்கெட் விற்பனை நடந்த நாட்கள் எத்தனை, விற்ற டிக்கெட் எத்தனை, செயலி வழியாக அந்த நிலையத்தைப் புறப்பாடாக வைத்து எடுத்த டிக்கெட் எத்தனை, ஏஜென்ட் இல்லாமல் இருந்த மாதங்கள் எத்தனை. முதல் எண்ணும் கடைசி எண்ணும் இல்லாமல் நடுவில் உள்ள இரண்டை மட்டும் கொடுத்தால், மேல்முறையீடு செய்யுங்கள்.